லாம்

முதல் வாசிப்பு என்றார்கள்.
யாரும் வாசிக்கவில்லை.
மார்லீன் ஃப்ரீசன் எழுந்தார், தலைப்பைச் சொன்னார்,
இரண்டு வாக்கியம் பேசி உட்கார்ந்தார்.
வின்னிபெக் விமான நிலையத்தில், பெட்டி ஏற்றுகிறவர்களின் சாப்பாட்டு அறையில்
ஒரு கைபேசியைச் சுற்றி ஆறு பேர் நின்றோம்.
"அவ்வளவுதானா?" என்றான் பகூலோட்,
இரண்டு நுனி இல்லாத விரல்களால்
திரையைப் பெரிதாக்கப் பார்த்தபடி.

நுனிகள் போனது ஒரு ஜனவரியில்.
மைனஸ் முப்பத்தெட்டு. கால்கரி விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.
சூடான அறை இருந்தது.
சாவி மேற்பார்வையாளரிடம் இருந்தது.
மேற்பார்வையாளர் எட்மன்டனில் இருந்தார்.

மசோதா சின்னது, ஒன்பதே பிரிவு.
நான்காவதில்தான் உயிர்:
இன்ன குளிருக்குக் கீழே போனால்
அறையைத் திறந்து வைக்க வேண்டும்.
தமிழில்தான் அதை மனப்பாடம் செய்தேன்.
வேண்டும். வேண்டும்.
பெட்டி தூக்கும்போது மூச்சுக்கு ஒன்றாக.

எந்த உறுப்பினரின் மசோதா முதலில் என்பதற்கு
ஒட்டாவாவில் குலுக்கிப் போடுகிறார்கள்.
ஃப்ரீசனுக்கு விழுந்தது பத்தொன்பது.
சீட்டுப் பிடித்தவள் நான்,
பத்தொன்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் வாசிப்பு ஒரு மணி நேரம்.
பிறகு பல வாரம் மௌனம்,
பிறகு மிச்ச ஒரு மணி நேரம்.
அதற்குள் ஆறு உருகி, கொசு வந்து, கொசுவும் போயிற்று.

குழுவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
ஐந்து நிமிடம், ஒரு குவளைத் தண்ணீர்,
சுகிர்தா என்று பிழையில்லாத பெயர்ப்பலகை.
விறைப்பது என்பதைச் சொல்லத் தடுமாறினேன்.
என் மொழியில் குளிரில் நிற்கிறவனும் விறைக்கிறான்,
பிணமும் விறைக்கிறது, என்றேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒருத்தி
அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு
ஒரு கணம் மைக்கை அணைத்தாள்.

பிறகு பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு.
கண்ணாடி துடைத்தபடி ஒருவர் திருத்தம் நீட்டினார்.
தொழிலுக்குக் கொஞ்சம் நெகிழ்வு வேண்டுமாம்.
ஆறுக்கு ஐந்து.
ஆங்கிலத்தில் ஒரு சொல் போய் ஒரு சொல் வந்தது.
பிரெஞ்சிலும் அப்படியே.
என் தலைக்குள் ஒரு வால்தான் மாறியது:
திறந்து வைக்கலாம்.

கடன் கேட்டு வந்தவனிடம்
பார்க்கலாம் என்போமே,
அந்த லாம்.

மூன்றாம் வாசிப்பில் மணி அடித்தார்கள்.
ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், பெயரை ஒருவர் கூப்பிட்டார்.
லாமுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் நின்றார்கள்.
பகூலோட் கைதட்டினான். நான் தட்டவில்லை.

செனட்டில் மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.
பச்சைக் கம்பளம் சிவப்பானது.
அங்கே லாப்ரடார்க்காரி ஒருத்தி,
ஒரு காலத்தில் மீன் ஆலையில் நின்றவளாம்,
நான்காம் பிரிவில் விரலை வைத்துக் கேட்டாள்:
"எப்போது திறப்பதென்று முடிவு செய்வது குளிரா, முதலாளியா?"
பதில் வரவில்லை.
வேண்டும் திரும்பி வந்தது.
கோடை விடுமுறைக்கு முந்தின மாலை,
பாதி நாற்காலி காலியாக இருந்தபோது,
கீழவையும் சரி என்றது.

கடைசியில் மகுடத்தின் பெயரால் ஆளுநர் தலையாட்டினார்.
ஆமாவா இல்லையா தெரியாத
நம் பக்கவாட்டு ஆட்டம் இல்லை.
மேலிருந்து கீழே, ஒரே தடவை.
சட்டம்.

ஒன்பதாம் பிரிவை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன்:
இச்சட்டம் ஆணையால் குறிக்கப்படும் நாளில் நடைமுறைக்கு வரும்.
பெண் பார்த்து, கை நனைத்து, தட்டும் மாற்றியாயிற்று.
நாள்தான் குறிக்கவில்லை.

நவம்பர். மைனஸ் இருபத்தாறு.
பகூலோட் எங்கோ நான்கு டாலருக்குச் சாவி வெட்டி வந்து
சூடான அறையைத் திறந்தான்.
"யாராவது கேட்டால்?" என்றேன்.
கையுறையைக் கழற்றிக் குழாயடியில் நீட்டியபடி சொன்னான்:
"இரண்டாம் வாசிப்பில் இருக்கிறது என்பேன்."